தோப்பு இங்கே, வாடகை அங்கே

விருதுநகர் மாவட்டத்தில் வெறுமனே புதுப்பட்டி என்று சொன்னால், எந்தப் புதுப்பட்டி என்று திருப்பிக் கேட்பார்கள். வத்திராயிருப்பை ஒட்டியிருப்பது வ. புதுப்பட்டி. சிறிய பேரூராட்சி. மேற்கே நிமிர்ந்தால் மலை. மலையடியில் பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகள். பக்கத்திலேயே சதுரகிரிக்கு ஏறும் தாணிப்பாறை. வயல், தென்னந்தோப்பு, மாந்தோப்பு என்று கண்ணுக்குக் குளிர்ச்சியான நிலம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சுந்தரமகாலிங்கத்தைக் கும்பிட வரும் வெளியூர்க்காரர்களில், மலையிறங்கி வந்து டீ குடிக்கும்போதே "இங்கே ஏக்கர் என்ன விலை போகுது?" என்று கேட்காதவர்கள் குறைவு.

கேட்பதோடு நிற்காமல் வாங்கிவிடுகிறவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் விவசாய நிலம் வாங்க விவசாயியாக இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 15 தர ஏக்கர் என்ற நில உச்சவரம்புதான் எல்லை. ஓய்வு பெற்ற வங்கி ஊழியரும் மென்பொருள் பொறியாளரும் அந்த எல்லையின் பக்கத்தில்கூடப் போகப்போவதில்லை. அவர்களுக்கு இரண்டு ஏக்கரும் ஒரு கிணறும் போதும்.

இந்த ஆசை நேற்று முளைத்ததல்ல. கரூர் மாவட்டம் கடவூர்ப் பக்கம் வானகம் பண்ணையை உருவாக்கி, 2013-ல் மறைந்த இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் அதற்கு விதை போட்டவர்களில் முக்கியமானவர். 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது, மடிக்கணினியும் இணையமும் இருந்தால் எங்கிருந்தும் சம்பளம் வாங்கலாம் என்பது பல வீடுகளுக்குப் புரிந்தது. ராஜபாளையத்தைத் தாண்டித் தெற்கே போனால் வரும் தென்காசிச் சீமையில் இது முன்பே நடந்துவிட்டது. சோஹோ நிறுவனம் 2011-லேயே மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அமெரிக்காவை விட்டு அந்தக் கிராமத்துப் பக்கமே குடிவந்தார்.

நிலம் வாங்கியாயிற்று, கிணறு தூர்வாரியாயிற்று, ஓட்டு வீடோ சிறிய மாடி வீடோ எழும்பியாயிற்று. அதற்குப் பிறகு வருவதுதான் யாரும் முன்கூட்டி யோசிக்காத கேள்வி. சென்னையிலோ மதுரையிலோ பெங்களூரிலோ இருக்கும் வீட்டை என்ன செய்வது?

விற்றுவிடலாம் என்பார் ஒருவர். பூட்டிவைத்தால் பிள்ளைகளுக்கு ஆகும் என்பார் இன்னொருவர். இந்தியர்கள் பெருவாரியாகப் பின்பற்றுவது இந்த இரண்டாவது வழியைத்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் நகரங்களில் சுமார் 1 கோடியே 11 லட்சம் வீடுகள் காலியாகக் கிடந்தன. இது மொத்த நகர வீடுகளில் ஏறத்தாழ 12 சதவீதம். 2017-18 பொருளாதார ஆய்வறிக்கை இதைச் சுட்டிக்காட்டி, சொத்துரிமைக் குழப்பம், ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்த முடியாத நிலை, குறைந்த வாடகை வருமானம் ஆகியவற்றைக் காரணங்களாகச் சொன்னது. அதே அறிக்கையில் இன்னொரு கணக்கும் இருந்தது. 1961-ல் நகர வீடுகளில் 54 சதவீதம் வாடகை வீடுகள். 2011-ல் அது 28 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. பச்சையாகச் சொன்னால், குடிவைக்கப் பயம்.

ஜப்பானிலும் காலி வீடுகள் உண்டு. 2023 கணக்கெடுப்பில் அங்கே 90 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் இருந்தன. ஆனால் அங்கே ஆட்கள் குறைந்துபோனார்கள். இங்கே வாசலில் 'டு-லெட்' போர்டைத் தேடி ஆட்கள் அலைந்துகொண்டிருக்கும்போதே வீடு பூட்டிக் கிடக்கிறது.

பூட்டிய வீடு சும்மா இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஓடாத மோட்டார் இறுகிப்போகும். தண்ணீர் புழங்காத குழாய்களின் வாஷர் காய்ந்து வெடிக்கும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று ஜன்னல் கம்பியைத் தின்னும். அடுக்ககமாக இருந்தால் சங்கத்துக்கு மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் போய்க்கொண்டே இருக்கும். ஆறு மாதத்துக்கொருமுறை சொத்துவரி. வருமானம் பூஜ்யம்.

இனி தோட்டத்துக் கணக்கு. ஏக்கருக்கு 25 அடி இடைவெளியில் 70 தென்னை வைக்கலாம். நெட்டை ரகம் பாளை விட்டுக் காய்க்க ஆறேழு ஆண்டு ஆகும். குட்டை ரகமென்றால் மூன்று, நான்கு ஆண்டு. மரம் நன்றாக வந்தபின் ஆண்டுக்கு மரத்துக்கு 80 காய் என்று வைப்போம். காய் விலை ஏறும், இறங்கும். கணக்குக்காக 15 ரூபாய். ஏக்கருக்கு 84,000 ரூபாய் வருகிறது. இதில் உரம், தண்ணீர், வெட்டுக்கூலி எல்லாம் போக வேண்டும். வெள்ளை ஈ வந்துவிட்டால் இன்னும் குறையும். மலையடிவாரத்தில் காட்டுப்பன்றிக்கு ஒரு பங்கு, சில சமயம் யானைக்கும் ஒரு பங்கு. இந்த மலை 1988 முதல் சாம்பல் நிற அணில் சரணாலயம், 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். வேலியோரம் வந்துபோகும் விருந்தாளிகளை விரட்டலாமே தவிர கைவைக்க முடியாது.

சென்னைப் புறநகரில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்றுக்கு மாதம் 20,000 ரூபாய் வாடகை என்றால் ஆண்டுக்கு 2,40,000. அதாவது காய்க்கும் தென்னையில் ஏறத்தாழ மூன்று ஏக்கரின் மொத்த வரவு. கன்று நட்ட அன்றைக்கே வரும் வரவு. தோப்பு தன் காலில் நிற்கும்வரை ஆள்கூலியையும் பம்புசெட் செலவையும் தாங்கப்போவது இந்த வாடகைதான். எனவே முதல் ஆறேழு ஆண்டுக்குள் நகர வீட்டை விற்று அந்தப் பணத்தையும் மண்ணில் போடுகிறவர்கள் அவசரப்படுகிறார்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது. கிராம வாழ்க்கை ஒத்துவரவில்லை என்று திரும்பிப்போக நேர்ந்தாலும் போக ஓர் இடம் இருக்கும். அப்படித் திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். யாரும் அதை ஃபேஸ்புக்கில் போடுவதில்லை.

இந்த ஏற்பாட்டில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வத்திராயிருப்பு அக்ரகாரங்களில் இருந்தும் சுற்றுவட்டாரக் காரைவீடுகளில் இருந்தும் மூன்று தலைமுறைக்கு முன் மதராசுக்கும் பம்பாய்க்கும் வேலைக்குப் போனவர்கள், ஊரில் இருந்த நிலத்தைக் குத்தகைக்கோ வாரத்துக்கோ விட்டுப் போனார்கள். அறுப்பு முடிந்தால் நெல் மூட்டையோ பணமோ நகரத்துக்குப் போகும். கடுதாசிப் போக்குவரத்துதான் மேற்பார்வை. 1955-ல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வெளியூரில் இருந்த நில உரிமையாளர்களில் பலர், ஏட்டில் ஒன்றும் எழுதாமல் விட்டதன் பலனை அப்போதுதான் கண்டார்கள். உழுதவனுக்கு அந்தச் சட்டம் நியாயம் செய்தது என்பதில் சந்தேகமில்லை. சொல்ல வருவது வேறு. தூரத்தில் இருக்கும் உரிமையாளருக்குக் காகிதம் மட்டுமே கைகொடுக்கும்.

இப்போது பணம் எதிர்த்திசையில் வருகிறது. பேரன் புதுப்பட்டித் தோப்பில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறான். குரோம்பேட்டையில் இருந்து வாடகை வருகிறது. தூரத்து உரிமையாளர் என்ற பழைய வேடமே திரும்பவும் கிடைத்திருக்கிறது. தாத்தா செய்ததைப் பேரனும் செய்தால், அதாவது வாய்வார்த்தையை நம்பி விட்டால், பலனும் அதேதான்.

காகிதத்தைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் 1960-ம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அரை நூற்றாண்டுக்கு மேல் நடப்பில் இருந்தது. நியாய வாடகை, காலி செய்யும் வழக்கு என்று நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் இழுபட்ட கதைகள் எல்லாம் அந்தக் காலத்தவை. அதை நீக்கிவிட்டு, 2017-ல் இயற்றப்பட்ட நில உரிமையாளர்–வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22-ல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் வீட்டை வாடகைக்கு விடவோ எடுக்கவோ கூடாது. ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து பதிவு எண் வாங்க வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர் அந்த அதிகாரி. விண்ணப்பம் அரசின் இணையதளம் வழியாகவே போகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறி இரவெல்லாம் பொதிகை எக்ஸ்பிரஸில் உட்கார்ந்து போக வேண்டிய வேலைகளில் இதுவாவது ஒன்று குறைகிறது.

பலர் இன்னும் 20 ரூபாய் முத்திரைத்தாளில் 11 மாத ஒப்பந்தம் எழுதி, நகலெடுத்து, பீரோவில் வைத்துவிடுகிறார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிவு செய்தாக வேண்டும் என்பது 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அதிலிருந்து தப்பக் கண்டுபிடித்த வழிதான் 11 மாதம். ஆனால் வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு வேறு. 11 மாதம் என்று எழுதிவிட்டதால் அது விட்டுப்போகாது. தகராறு என்று வந்தால் பதிவில்லாத ஒப்பந்தம் உரிமையாளரின் காலைத்தான் வாரும். இரண்டு மாத வாடகை நின்றுபோய், நோட்டீஸ் கொடுத்தும் வரவில்லை என்றால் வீட்டைத் திரும்பக் கேட்கலாம். உரிமையாளரைக் கேட்காமல் உள்வாடகைக்கு விட்டாலும், சொந்த உபயோகத்துக்குத் தேவைப்பட்டாலும் கேட்கலாம். இவற்றைக் கேட்கும் இடத்தில் முதலில் காட்ட வேண்டியது அந்தப் பதிவைத்தான்.

அட்வான்ஸ் விஷயத்தில் நகரத்து வழக்கமும் சட்டமும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. சென்னையில் பத்து மாத வாடகை என்பது நெடுங்காலப் பழக்கம். சட்டம் மூன்று மாத வாடகை என்கிறது. இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் தவிர என்று ஒரு வாசலையும் திறந்துவைத்திருக்கிறது. மத்திய அரசு 2021-ல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் வீடுகளுக்கு இரண்டு மாதம்தான் என்று வரையறுத்தது. தோட்டத்தில் இருக்கும் உரிமையாளருக்குப் பெரிய அட்வான்ஸ் ஓர் ஆபத்தும்கூட. இரண்டு லட்சத்தை வாங்கிச் சொட்டுநீர்க் குழாயில் போட்டுவிட்டு, குடியிருப்பவர் காலி செய்யும்போது கையைப் பிசைந்த குடும்பங்கள் நிறைய. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது சட்டம். தென்னை அதற்குள் காய்த்துவிடாது. வாங்குவது மூன்று மாதமோ ஐந்து மாதமோ, அதை வங்கியில் வைப்பு நிதியாகப் போட்டுவிட்டு மறந்துவிடுவது உத்தமம்.

காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பதும் அப்படி ஒரு வழக்கம்தான். சட்டத்தின் அட்டவணையில் வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதும் உரிமையாளர் கணக்கில் இருக்கின்றன. கட்டட அமைப்பில் வரும் பழுது, குழாய் மாற்றுவது, மின்வயரிங் ஆகியவையும் அவருடையவை. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை போன்றவை குடியிருப்பவருடையவை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதன்படி. எழுதாமல் விட்டுவிட்டு, கடைசி நாளில் போனில் சண்டை போடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

ஒருவர் ஊரில் இல்லாததால் மற்றவர் சும்மா இருந்துவிடவும் மாட்டார். உரிமையாளர் செய்ய வேண்டிய பழுதைச் செய்யாவிட்டால், குடியிருப்பவரே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. மழைக்காலத்தில் மொட்டைமாடி ஒழுகும்போது உரிமையாளர் கடலைக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தால் அதுதான் நடக்கும்.

அதற்காகத்தான் நகரத்தில் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. தம்பி, மைத்துனர், பழைய பக்கத்து வீட்டுக்காரர், அல்லது கூலிக்கு இதையே தொழிலாகச் செய்யும் நிறுவனம். சட்டம் இவரைச் சொத்து மேலாளர் என்று அங்கீகரிக்கிறது. அவர் பெயர், அவருக்குக் கொடுத்த அதிகாரம், எதற்காக என்பதைக் குடியிருப்பவருக்குத் தெரிவிக்க வேண்டும். அவரானாலும் உரிமையாளரே ஆனாலும் வீட்டைப் பார்க்க வேண்டுமென்றால் 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் சொல்லிவிட்டுத்தான் போக முடியும். "என் வீடுதானே" என்று சாவி போட்டுத் திறந்துகொண்டு நுழைவது செல்லாது. பாக்கி வைத்தார் என்று தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவதும் குற்றமாக முடியும்.

இந்த மேலாளருக்குப் பவர் எழுதிக்கொடுக்கும் இடத்தில்தான் பெரிய தவறுகள் நடக்கின்றன. சொத்தை விற்கவும் அடமானம் வைக்கவும் உரிமை தரும் பொதுப் பவரை, வாடகை வசூலுக்காக யாரும் எழுதித்தரத் தேவையில்லை. குடிவைக்க, வாடகை வாங்க, பழுதுபார்க்க, வரி கட்ட என்று வேலையைக் குறிப்பிட்டு எழுதும் சிறப்புப் பவர் போதும். அண்ணன் தம்பிக்குள் இதென்ன என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

தூரத்து உரிமையாளர்களைக் குறிவைத்தே ஒரு மோசடி நடக்கிறது. நல்ல உடையில் ஒருவர் வருவார். மாதம் 20,000 வாடகைக்கு வீட்டை எடுப்பார். சில மாதம் தேதி தவறாமல் பணம் வரும், உரிமையாளர் தோப்பில் நிம்மதியாக இருப்பார். இதற்குள் அந்த ஆசாமி, வீடு தன் பொறுப்பில் இருப்பதாகச் சொல்லி, வேறொரு குடும்பத்திடம் பல லட்சம் வாங்கிக்கொண்டு அதே வீட்டை லீசுக்கு விட்டிருப்பார். மதுரை, விருதுநகர்ப் பக்கம் ஒத்தி என்று சொல்கிறார்களே, மாத வாடகை இல்லாமல் மொத்தத் தொகை கொடுத்துக் குடியிருப்பது, அதுதான். ஒரு நாள் வாடகை நிற்கும். போன் அணைந்துவிடும். போய்ப் பார்த்தால் உள்ளே முன்பின் தெரியாத குடும்பம், கையில் ஓர் ஒப்பந்தம். அவர்களும் ஏமாந்தவர்கள்தான். ஆண்டுக்கு இரண்டு முறையாவது நேரில் போய், யார் குடியிருக்கிறார்கள் என்று கண்ணால் பார்க்க வேண்டும். அதைவிட எளிய தற்காப்பு வேறில்லை. குடியிருப்பவரின் ஆதார் நகலை அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் கொடுத்து வைப்பதும் நல்லது. வாடகை வங்கிக் கணக்கிலேயே வரட்டும். எந்தப் பெயரில் ஒப்பந்தமோ அந்தப் பெயரின் கணக்கிலிருந்து வருகிறதா என்று பார்க்கப் பத்து வினாடி போதும்.

மின்கட்டணத்தில் உரிமையாளர் மூக்கை நுழைக்காமல் இருப்பதே மேல். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற சலுகை வீட்டு இணைப்புக்கு உரியது, அதை அனுபவிக்க வேண்டியவர் அங்கே குடியிருப்பவர். யூனிட்டுக்கு இவ்வளவு என்று தானே ஒரு விலை வைத்து வசூலிப்பதால் கிடைக்கும் சில நூறு ரூபாய், நல்ல குடித்தனக்காரரை இழப்பதற்கு ஈடாகாது. நல்ல குடித்தனக்காரர் என்பவர் வாடகையைவிட விலை உயர்ந்தவர். ஆண்டுக்கொருமுறை ஆள் மாறினால் ஒரு மாதம் காலியாக நிற்கும், ஒரு மாத வாடகை புரோக்கருக்குப் போகும், வர்ணச் செலவு ஒரு மாதம். 12-ல் மூன்று மாதம் போயிற்று. ஆயிரம் ரூபாய் குறைத்து வாங்கினாலும் ஐந்தாண்டு இருப்பவர் லாபம்.

வரி விஷயத்தில் தோப்புக்காரர்கள் ஓர் இடத்தில் சறுக்குகிறார்கள். தேங்காய் விற்ற பணம் விவசாய வருமானம், அதற்கு மத்திய வருமான வரி இல்லை. அதே கணக்கில் நகர வீட்டு வாடகையையும் சேர்த்து 'நான் விவசாயி' என்று சொல்லிவிட முடியாது. வாடகை, வீட்டுச் சொத்து வருமானம். மேலே சொன்ன 2,40,000-ல், கட்டிய சொத்துவரி 6,000 என்றால் அதைக் கழித்து 2,34,000. அதில் 30 சதவீதம், அதாவது 70,200 ரூபாய், பழுதுபார்க்க உண்மையில் எவ்வளவு செலவானாலும் நிலையான கழிவு. மீதி 1,63,800 ரூபாய்தான் வரிக் கணக்கில் சேரும். வீட்டுக் கடன் இருந்தால் வட்டிக்கும் கழிவு உண்டு. மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால் குடியிருப்பவரே 2 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். 2024 அக்டோபருக்கு முன் அது 5 சதவீதமாக இருந்தது.

வெளிநாட்டிலிருந்து புதுப்பட்டிப் பக்கம் திரும்புகிறவர்களுக்கு வேறு சட்டங்கள். சிங்கப்பூரில் அரசு வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டை முழுதாக வாடகைக்கு விட வேண்டுமென்றால், குறைந்தது ஐந்தாண்டு அதில் குடியிருந்திருக்க வேண்டும். குடியுரிமை பெற்றவர்களுக்கே அந்த அனுமதி. நிரந்தரவாசிகளுக்குக் கிடையாது. குறைந்தது ஆறு மாத ஒப்பந்தம். அங்கே வீட்டை வைத்துக்கொண்டு இங்கே தோப்புப் போடலாம் என்று கணக்குப் போடும் சிங்கப்பூர்த் தமிழர் முதலில் தன் அடையாள அட்டையின் நிறத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாடகை வருமானத்தைப் பெரிதாக நினைத்துவிடவும் வேண்டாம். இந்திய நகரங்களில் வீட்டின் விலையோடு ஒப்பிட்டால் ஆண்டு வாடகை பொதுவாக 2 முதல் 4 சதவீதம்தான். வங்கி வைப்பு நிதியின் வட்டி அதைவிடக் கூடுதல். அப்படியானால் விற்று வங்கியில் போடலாமே என்று ஆடிட்டர்கள் சொல்வார்கள். அவர்கள் கணக்கில் வீட்டின் விலை ஏறும் வாய்ப்பும், மகள் கல்லூரியில் சேரும்போது தங்க ஓர் இடமும், நாளைக்கு முதுகுவலி வந்து பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்க நேர்ந்தால் என்ன என்ற யோசனையும் வராது. அறுபதைத் தாண்டித் தோட்டத்துக்கு வருகிறவர்கள் கடைசியாகச் சொன்னதை மட்டுமாவது யோசித்தாக வேண்டும்.

கிளம்பும் முன் செய்ய வேண்டிய சில்லறை வேலைகளும் உண்டு. மின்வாரியக் கணக்கிலும் சொத்துவரிக் கணக்கிலும் உள்ள கைபேசி எண் நடப்பில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாக்கி நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போய், குடியிருப்பவர் அதைச் செய்தித்தாளோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிடுவார். வாக்காளர் அட்டையையும் ரேஷன் அட்டையையும் புதுப்பட்டிக்கு மாற்ற வேண்டும். தோட்டத்துப் பம்புசெட்டின் இலவச மின்சாரத்தில் வீட்டு விளக்கை எரிய விடக்கூடாது, வீட்டுக்குத் தனி இணைப்பு வேண்டும். அடுக்ககச் சங்கத்துக்கு மேலாளரின் எண்ணைக் கொடுத்துவைக்க வேண்டும். சுவர், தரை, குழாய், மின்விசிறி எல்லாவற்றையும் சாவி கொடுக்கும் அன்றே குடியிருப்பவரை வைத்துக்கொண்டு கைபேசியில் படமெடுத்து, அந்தப் படங்களை அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும். ஐந்தாண்டு கழித்துக் கணக்குத் தீர்க்கும்போது தேதியோடு இருக்கும் சாட்சி அதுதான்.